உயரமான பந்து போடப் பழகவும்

ஒரு செட்டரைப் பார்க்க வேண்டுமென்றால் பந்தைப் பார்க்கக் கூடாது. இதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! கரப்பந்தாட்டத்தில் எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் பந்தை ஒருத்தி எடுத்துக் கொடுப்பாள். வலைக்குப் பக்கத்தில் நிற்கும் செட்டர் அதை விரல் நுனியால் தூக்கிவிடுவாள். மூன்றாமவள் குதித்து அடிப்பாள். கைதட்டலெல்லாம் அடித்தவளுக்கு. ஆனால் யார் அடிப்பது, எந்த மூலையிலிருந்து அடிப்பது என்று கண்ணிமைக்கிற நேரத்துக்குள் முடிவு பண்ணுகிறவள் நடுவில் நிற்கிற அந்தச் செட்டர்தான். பந்தின் பின்னாலேயே கண்ணைக் கொண்டுபோனால் அவளைக் கோட்டை விட்டுவிடுவோம். அவளுடைய காலைப் பார்க்க வேண்டும். பந்து வருவதற்கு முன் கால் போய்விட்டதா, பந்து வந்த பிறகு ஓடுகிறாளா? பிறகு காதைக் கொடுக்க வேண்டும். நல்ல செட்டரின் விரலில் பந்து பட்டால் சத்தமே வராது. கடைசியாக முகம். அருமையான ஒரு பந்தைக் கூட்டாளி வலையிலே அடித்துத் தொலைக்கும்போது இவள் முகம் என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். சுளித்தால் நான் ஒரு புள்ளி குறைத்துவிடுவேன்.

இவ்வளவும் தெரிந்த நான்தான் ஒரு செட்டர் பிள்ளைக்கு அநியாயம் செய்தேன். தெரியாமல் செய்திருந்தால், போகட்டும் என்று என்றைக்கோ மறந்திருப்பேன்.

நான் பதுளையில் உடற்கல்வி ஆசிரியை. பிறந்தது அப்புத்தளைப் பக்கம், மலை முகட்டில் இருக்கிற ஒரு தோட்டத்தில். கொழுந்து பறித்த கைதான் எனக்குப் படிப்புக்குக் கொடுத்தது, அதாவது என் அம்மாவின் கை. பாடசாலைக் காலத்தில் நானும் செட்டர். கோபம் மூக்குக்கு மேலே. மைதானத்தில் நான் போடுகிற சத்தம் பஸ் நிலையம் வரைக்கும் கேட்கும் என்று பிள்ளைகள் கேலி பண்ணுவார்கள். இவ்வளவு வாய் உள்ளவளுக்கு, பேச வேண்டிய ஒரே ஒரு நாளில் வாய் அடைத்துப்போனது.

கொழும்பில் ஒரு கம்பெனிக்குப் பெண்கள் அணி உண்டு. வருடா வருடம் பாடசாலை முடித்த பிள்ளைகளை மாகாணங்களில் தேடி எடுப்பார்கள். எடுத்தால் அங்கேயே வேலை. காலையில் அலுவலகம், பின்னேரம் பயிற்சி, தங்குவதற்கு விடுதி, மாதம் பிறந்தால் சம்பளம். எங்கள் ஊவா மாகாணத்துக்கான தெரிவு மாசி மாதத்தில் பதுளையில் நடக்கும். மேசையில் மூன்று பேர் உட்கார்ந்திருப்போம். கம்பெனி அணியின் பயிற்றுவிப்பாளர் கொழும்பிலிருந்து வருவார். மாகாணத்து விளையாட்டு உத்தியோகத்தர் ஒருவர் இருப்பார், எனக்கு நீண்ட நாள் பழக்கம். மூன்றாவது ஆள் நான். மூவரில் தமிழ் பேசுகிறவள் நான் மட்டும்தான்.

இது நடந்தது மூன்று வருடங்களுக்கு முன். அதற்கு முந்தைய வருடம், தோட்டத்துப் பிள்ளை ஒருத்தியை எடுத்தே தீர வேண்டும் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். நன்றாக அடிக்கிற பிள்ளை. எடுத்தார்கள். கொழும்புக்குப் போய் ஒரு மாதம் ஆவதற்குள் அழுதுகொண்டு ரயிலேறி வந்துவிட்டாள். பாவம், அம்மாவைப் பிரிந்து இருந்ததே இல்லை. அன்றிலிருந்து உத்தியோகத்தருக்கு ஒரு பகிடி கிடைத்துவிட்டது. என்னைக் காணும்போதெல்லாம், “மிஸ், இந்த வருடம் உங்கள் சொந்தக்காரர்கள் எத்தனை பேர்?” என்று சிங்களத்தில் கேட்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். நானும் சிரிப்பேன். வீட்டுக்கு வந்து சட்டியைப் போட்டு உடைப்பேன்.

தெரிவு நாளன்று அவர் அந்தப் பகிடியைக் காலைத் தேநீரோடேயே ஆரம்பித்தார். கொழும்புக்காரரும் கூடச் சிரித்தார். தேநீரை வைத்துவிட்டு மைதானத்துக்குப் போகிற வழியில், கேற்றடியில் ஒரு அம்மா குடையும் சோற்றுப் பார்சலுமாக நின்றார். பக்கத்தில், முதுகில் இலக்கத் தாள் குத்திய ஒரு பெண் பிள்ளை. வெள்ளை பூசிய கென்வஸ் சப்பாத்து. என் காதளவு உயரம் இருப்பாள்.

“டீச்சர், நாங்க மேல் டிவிசன்,” என்றார் அந்த அம்மா, என் தோட்டத்துக்கு அடுத்த தோட்டத்தின் பெயரைச் சொல்லி. “நீங்க நம்ம பக்கந்தானேங்க. புள்ளைய கொஞ்சம் பாத்துக்குங்க.”

உத்தியோகத்தர் எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் ஓரளவு விளங்கும். எனக்குச் சுரீரென்று ஏறியது.

“இங்க யாரும் யாரு பக்கமும் இல்ல,” என்றேன். “நல்லா வெளையாடினா எடுப்பாங்க. இல்லாட்டி இல்ல.”

அந்த அம்மாவின் முகம் சுருங்கியது. “ஆமாங்க, ஆமாங்க, அது சரிங்க,” என்று குடையை மடக்கினார். உத்தியோகத்தர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், சபாஷ் என்பதுபோல. அந்தத் தலையாட்டலுக்கு எனக்கு உள்ளம் குளிர்ந்தது என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன். வெட்கங்கெட்ட மனசு.

செட்டர் இடம் ஒன்றே ஒன்று. கடைசியில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். ஒருத்தி வெலிமடையிலிருந்து வந்தவள். நெடுநெடுவென்று வளர்ந்த பிள்ளை. புத்தகத்தில் படம் போட்டதைப்போல நிமிர்ந்து நின்று, பந்தை உயரத் தூக்கி, அடிக்கிறவள் தலைக்கு மேலே அழகாக இறக்குவாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. மற்றவள் இந்த மேல் டிவிசன் பிள்ளை.

அவள் காலைப் பார்த்தேன். பந்து போகப்போகிற இடத்தில் பந்துக்கு முன்னால் போய் நின்றாள். காதைக் கொடுத்தேன். சத்தமே இல்லை. ஆனால் பந்து உயரவில்லை. அவள் விரலிலிருந்து வலையின் விளிம்பை ஒட்டி விர்ரென்று போனது. அடிப்பதற்கு நின்ற பிள்ளைகள் வெவ்வேறு ஊரிலிருந்து வந்தவர்கள், அன்றைக்குத்தான் அவளோடு முதன்முதலாக விளையாடுகிறார்கள். உயரமான பந்துக்குக் காத்திருந்து பழகியவர்கள். அவர்கள் குதிப்பதற்குள் பந்து தாண்டிப் போய்விடும். ஒருத்தி காற்றை அடித்தாள். ஒருத்தி வலையில் அடித்தாள். பார்க்கிற யாருக்கும் செட்டர் பிழை என்றுதான் தோன்றும். அவள் முகத்தைப் பார்த்தேன். சுளிக்கவில்லை. “பரவால்ல, பரவால்ல” என்று ஒவ்வொருத்தி தோளையும் தட்டினாள். அவர்களில் பாதிப் பேருக்குத் தமிழே தெரியாது.

அவள் ஏன் தணித்துப் போடுகிறாள் என்று எனக்குத் தெரியும். அந்த மைதானத்தில் அது தெரிந்த ஒரே ஆள் நான்.

எங்கள் முகட்டுத் தோட்டங்களில் சமதரை என்று இருப்பது பெரட்டுக் களம் மட்டும்தான். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற இடம், பின்னேரம் வலை கட்டினால் அதுவே எங்கள் கோர்ட். மூன்று பக்கம் சரிவு. காற்று கீழே பெரகலப் பக்கத்திலிருந்து கிளம்பி, பள்ளத்தாக்கில் ஏறி, நேரே அந்தக் களத்தில் வந்து மோதும். பந்தை உயரமாகத் தூக்கினால் அது காற்றோடு போய்த் தேயிலைக்குள் இறங்கிவிடும். இருப்பது ஒரே பந்து. விட்டவள்தான் போய் எடுத்து வர வேண்டும் என்பது எல்லாத் தோட்டத்திலும் சட்டம். மழைக்குப் பிறகு போனால் காலெல்லாம் அட்டை. அதனால் எங்கள் பக்கத்துச் செட்டர்கள் யாரும் சொல்லிக்கொடுக்காமலே பந்தைத் தணித்து, வேகமாக, காற்றுக்குப் பிடி கொடுக்காமல் போடப் பழகிவிடுவார்கள். நானும் அப்படித்தான் போட்டேன். காற்றில்லாத உள்ளரங்கில், கூட விளையாடுகிறவர்களுக்கும் பழகிவிட்டால், அந்த மாதிரிப் பந்தை எதிர்ப்பக்கத்தில் தடுக்க ஆள் கிடையாது. பெரிய அணிகள் பணம் கொடுத்துப் பழகுகிற பந்து அது. இந்தப் பிள்ளைக்கு அட்டைக் கடியில் வந்திருக்கிறது.

கொழும்புக்காரர் விஷயம் தெரிந்த மனிதர். பேனாவை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். சிங்களத்தில்தான் கேட்டார்.

“மிஸ், இந்தப் பிள்ளையின் கால் நல்ல கால். கையிலும் சத்தமில்லை. ஆனால் ஏன் இவ்வளவு தாழ்வாகப் போடுகிறாள்? வேண்டுமென்றே போடுகிறாளா, இல்லை உயரப் போடத் தெரியாதா? நீங்கள் அந்தப் பக்கத்து ஆள்தானே, சொல்லுங்கள்.”

உத்தியோகத்தரும் என்னைப் பார்த்தார். உதட்டில் அந்தச் சிரிப்பு தயாராக இருந்தது.

ஒரு வசனம் போதும். ‘சேர், அங்கே காற்று, அதனால்தான்.’ அவ்வளவுதான். அவர் எழுந்து போய், அடிக்கிற பிள்ளைகளிடம் சீக்கிரம் குதிக்கச் சொல்லியிருப்பார். இரண்டு பந்தில் விஷயம் விளங்கியிருக்கும்.

“உயரப் போடத் தெரியாது போல இருக்கிறது சேர்,” என்றேன்.

அவர் இன்னும் கொஞ்ச நேரம் அவளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுதினார். வெலிமடைப் பிள்ளை தெரிவானாள். உத்தியோகத்தர் அன்று மதியம் என் தட்டில் அவர் கையாலேயே ஒரு கோழித் துண்டு வைத்தார். “மிஸ் என்றால் மிஸ்தான். ஆள் பார்க்க மாட்டார்,” என்றார் கொழும்புக்காரரிடம். நான் அதைச் சாப்பிட்டேன். வாயில் என்னடி கொழுக்கட்டையா வைத்திருந்தாய் என்று அதற்குப் பிறகு என்னை நானே எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். கொழுக்கட்டை இல்லை, அந்தக் கோழித் துண்டுதான். அது தட்டுக்கு வருவதற்கு முன்பே என் வாய்க்குள் வந்துவிட்டது.

இதோடு நின்றிருந்தால் ஒரு பாவம். நான் இரண்டாவது ஒன்றும் செய்தேன்.

தெரிவாகாத பிள்ளைகளுக்குக் கடிதம் போக வேண்டும். தமிழ்ப் பிள்ளைகளுக்கான கடிதங்களை உத்தியோகத்தர் என்னிடம் தந்து, தமிழில் எழுதிக் கையெழுத்தும் போட்டு அனுப்பச் சொன்னார். எல்லாருக்கும் ஒரே வரி: தாங்கள் இம்முறை தெரிவு செய்யப்படவில்லை என்பதை வருத்தத்துடன் அறியத் தருகிறோம். அவளுடையது வந்தபோது என் கை நின்றுவிட்டது. கேற்றடியில் சுருங்கிய அந்த அம்மாவின் முகம் வந்தது. வெறுமனே இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை. நியாயமான ஒரு காரணம் இருந்ததுபோல அவளுக்கும் தெரியட்டும், எனக்கும் இருக்கட்டும் என்று கீழே இன்னொரு வரி சேர்த்தேன்: உயரமான பந்து போடப் பழகவும்.

எழுதியதும் நெஞ்சுப் பாரம் கொஞ்சம் குறைந்ததுபோல இருந்தது. அக்கறையாக ஒரு வரி எழுதினேனே என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். நாசமாய்ப்போன அக்கறை.

போன வருடம் ஆடி மாதம், அந்தப் பிள்ளையின் தோட்டத்தில் கோயில் திருவிழாவுக்கு டிவிசன்களுக்கு இடையே கரப்பந்தாட்டப் போட்டி வைத்தார்கள். மத்தியஸ்தம் பண்ண என்னைக் கூப்பிட்டார்கள். போகாமல் இருக்க நூறு காரணம் யோசித்தேன், ஒன்றும் சரிவரவில்லை. அப்புத்தளையில் பஸ்ஸை விட்டு இறங்கி ஆட்டோ பிடித்துப் போனேன். ஆடிக் காற்று ஆட்டோவையே ஆட்டியது. பெரட்டுக் களத்தில் வலை கட்டியிருந்தார்கள். கொழுந்து நிறுக்கிற மடுவத்திலிருந்து ஒரு மேசையைத் தூக்கி வந்து, அதன்மேல் நாற்காலி போட்டு, என்னை ஏற்றி உட்காரவைத்து விசிலையும் கொடுத்தார்கள்.

மேல் டிவிசன் அணி களத்துக்கு வந்தது. நடுவில் அவள். கொழுந்து பறித்த பச்சைக் கறை விரலில் அப்படியே இருந்தது. என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பாக ஓடி வந்தாள்.

“டீச்சர், என்னைய ஞாபகம் இருக்குங்களா? பதுளைக்கு வந்தேனே?”

“இருக்கு,” என்றேன்.

“இன்னைக்கு பாருங்க டீச்சர். நல்லா பாருங்க.”

பார்த்தேன். முதல் பந்து அவள் கைக்கு வந்தது. நிமிர்ந்து நின்றாள். வெலிமடைப் பிள்ளை நின்றதைப்போல நிமிர்ந்து நின்றாள். பந்தை உயர, உயரத் தூக்கினாள். காற்று அதை வாங்கிக்கொண்டு போனது. அடிக்க வந்தவள் பந்தின் பின்னாலேயே நாலடி ஓடி, தட்டுத்தடுமாறி வெளியே அடித்தாள். அடுத்ததும் அப்படி. அதற்கடுத்தது தேயிலைக்குள் போய்விட்டது. அவளே இறங்கி எடுத்து வந்தாள். காற்றுக்குப் பின்னால் ஓடி ஓடிப் பந்தைத் தொட்டதில் இரண்டு தடவை விரல் இரட்டையாகப் பட்டது. அது பிழை. நான்தானே மத்தியஸ்தர். விசில் அடித்தேன், இரண்டு தடவையும்.

“என்னாடி இது?” என்று அவள் அணிப் பிள்ளை ஒருத்தி கத்தினாள். “பழைய மாதிரி தணிச்சு போட்டுத் தொலையேன்! ஆடிக் காத்துல வானத்துக்கா தூக்குவாங்க?”

“அது தப்புடி,” என்றாள் இவள். “டீச்சரே எழுதியிருக்காங்க.”

மேசை உயரத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு, அங்கிருந்து குதித்து எங்காவது ஓடிவிடலாம் போல இருந்தது. ஒரு தடவை மட்டும் அவள் மறந்துவிட்டாள். வேகமாக வந்த ஒரு பந்தை யோசிக்க நேரமில்லாமல் பழைய கையால் விட்டாள். அது சத்தமில்லாமல் வலை விளிம்பை ஒட்டிப் போனது. அடித்தவள் அடித்த அடியில் எதிர்ப்பக்கம் அசையவே இல்லை. களம் முழுவதும் விசிலும் கூச்சலும். அவள் மட்டும் என்னை நிமிர்ந்து பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள், மன்னித்துக்கொள்ளுங்கள் என்பதுபோல.

மேல் டிவிசன் தோற்றது. பரிசு கொடுத்து முடிந்ததும் ஒரு கிளாஸ் பிளேன்டீயோடு வந்து, அதை என் கையில் கொடுத்தாள். கக்கத்தில் ஒரு பைல். அதைத் திறந்து, சான்றிதழ்களுக்கு மேலே பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த கடிதத்தைக் காட்டினாள். என் கையெழுத்து.

“மத்த புள்ளைங்களுக்கெல்லாம் ஒரு வரிதான் டீச்சர். எனக்கு மட்டுந்தான் ரெண்டு. நம்ம டீச்சர் அக்கறையா எழுதியிருக்காங்கன்னு அம்மா சொல்லி சொல்லி மாஞ்சிட்டாங்க. அந்தா அந்த மரத்துக் கிளைக்கு மேல பந்து போகணும், அப்படித்தான் தெனமும் பழகுனேன். மொத மொத கை வரவே இல்ல. இப்ப பழைய மாதிரி போட நெனச்சாலும் முடியல. இப்ப சரிங்களா டீச்சர்?”

நான் அந்த இரண்டாவது வரியையே பார்த்தேன். அவளே தொடர்ந்தாள்.

“எனக்கு வயசு தாண்டிருச்சுங்க. அது பரவால்ல. வர்ற மாசிக்கு தங்கச்சி வர்றா. அவளும் செட்டருதான். இன்னைக்கு மாத்து ஆளா உக்காந்திருந்தாளே, அவதான். அவளுக்கும் ஒசரமாத்தான் பழக்கி வெச்சிருக்கேன். நீங்கதானே இருப்பீங்க மேசையில?”

தங்கை களத்தில் தனியாகப் பந்தைத் தூக்கிப் போட்டுப் பிடித்துக்கொண்டிருந்தாள். உயரமாக. கிளைக்கு மேலே.

“நீ அன்னைக்கு போட்டதுதான் சரி,” என்றேன்.

அவள் சிரித்தாள். “சும்மா சொல்லாதீங்க டீச்சர். தோத்துட்டேன்னு மனசு நோகாம சொல்றீங்க.”

“இல்லம்மா. அந்தப் பந்துதான் சரி. காத்துக்குத்தான் தணிச்சு போடுறன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். கொழும்பு சேர் என்கிட்ட கேட்டாரு. தெரியாத மாதிரி சொன்னது நான். இத எழுதுனதும் நான். ரெண்டும் பொய்.”

சிரிப்பு அவள் முகத்தை விட்டுப் போக நேரமெடுத்தது. முதலில் கண்ணிலிருந்து போனது, உதட்டில் கொஞ்ச நேரம் மிச்சம் இருந்தது.

“ஏன் டீச்சர்?”

“நீ நம்ம புள்ளைங்கிறதால,” என்றேன். “நம்ம ஆளுக்கு பேசுறேன்னு சொல்லிருவாங்கன்னு பயந்துட்டேன்.”

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அடிப்பாவி என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பேன். அவளோ கடிதத்தைப் பார்த்தாள். கிழிப்பாளோ என்று நினைத்தேன். அதைப் பைலில், இருந்த இடத்திலேயே ஒழுங்காக வைத்து மூடினாள். பிறகு களத்தின் பக்கம் திரும்பினாள்.

“ஏ புள்ள! இனிமே ஒசரமா போடாத. தணிச்சு, வெரசா போடு. முன்ன நான் போட்ட மாதிரி.”

தங்கை பந்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “என்னாக்கா நீ? ரெண்டு வருசமா கிளைக்கு மேல, கிளைக்கு மேலன்னு என் உசுர வாங்கிட்டு, இப்ப இப்படி சொல்ற?” என்று கேட்டுவிட்டு, காரணம் என்னிடம் இருக்கும் என்பதுபோல என்னையும் பார்த்தாள்.

இப்போதாவது பேசு என்று என் மனசு அடித்துக்கொண்டது. பிளேன்டீ கிளாஸ் கையில் சுட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் அக்காக்காரி முந்திக்கொண்டாள்.

“ஆமா, நாந்தான் தப்பா சொல்லிட்டேன்,” என்றாள். “பந்த போடு.”